போருக்குப் போனவர் பெயரைக் கல்லில் வெட்டுங்கள். கீழே கொஞ்சம் இடமும் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் கல்லில் எழுத்து வெட்டுகிற தொழில் எனக்கு. அப்பா காலத்திலிருந்து இதுதான். கும்பாபிஷேகக் கல்வெட்டு, திருப்பணி உபயதாரர் பட்டியல், பள்ளிக்கூட அடிக்கல், சமாதிக் கல் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் பட்டறைக் கல் இல்லாத ஊர் குறைவு. சில ஆண்டுகளாகப் புதிதாக ஒரு வேலை வருகிறது. இரண்டு உலகப் போர்களுக்கும் போய்த் திரும்பாத ஊர்க்காரர்களுக்கு நினைவுக் கல் வைக்க வேண்டும் என்று கல்லல், தேவகோட்டை, புதுவயல் பக்கத்து இளைஞர்கள் கேட்டு வருகிறார்கள். மனசுக்கு நிறைவான வேலை. கூலியைக்கூட நான் அழுத்திக் கேட்பதில்லை.

ஆனால் அவர்கள் எழுதிக்கொண்டு வருகிற வாசகம் பெரும்பாலும் இப்படி இருக்கிறது: ‘இவ்வூரிலிருந்து போர்முனை சென்று வீரமரணம் எய்திய நால்வரின் நினைவாக.’ அதற்குக் கீழே கல்லுக்குப் பணம் கொடுத்தவர், திறந்துவைப்பவர், முன்னிலை வகிப்பவர் பெயர்கள் பட்டத்தோடும் பதவியோடும் இருக்கும். அந்த நால்வர் யார் என்று கேட்டால், ‘அதெல்லாம் சரியாத் தெரியலைண்ணே, பெரியவங்க நாலு பேருன்னு சொல்லுவாங்க’ என்கிறார்கள். இப்படி ஒரு கல்லை நான் வெட்டிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

பெயரில்லாமல் எண்ணிக்கையை மட்டும் வெட்டுவது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். முதல் உலகப் போர் முடிந்ததும் நம் நாட்டின் பல ஊர்களில் சின்னக் கல் பதித்தார்கள். ‘1914–1919 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். நூறு வருஷம் கழித்து அந்தக் கல்லைப் பார்க்கிற ஒருவருக்கு அதில் தன் பாட்டன் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது. ஈராக்கில் பாஸ்ராவில் உள்ள நினைவிடம் இன்னும் கொடுமை. மெசபொட்டேமியாப் போர்முனையில் இறந்து, கல்லறை இன்னதென்று தெரியாத 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது அது. அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் படைப்பிரிவின் கீழே ‘மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்’ என்று ஓர் எண். பாலமும் பாதையும் போடுகிற நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை ஆட்களும் போய்ச் சண்டை போட்ட இடம் அது.

அந்த நினைவிடத்தைக் கட்டியவர்களே ஒரு நல்ல விதியை எழுதிவைத்தவர்கள் என்பதுதான் இதில் வேதனை. 1917-ல் லண்டனில் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று தொடங்கினார்கள். இன்றைக்கு அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இரண்டு போர்களிலும் இறந்த ஏறக்குறைய 17 லட்சம் பேர் அதன் பொறுப்பில் இருக்கிறார்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் கல்லறையிலோ நினைவிடத்திலோ பெயர் இருக்க வேண்டும். பதவி, இனம், மதம் பார்க்கக் கூடாது. கல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதுதான் அந்த விதி. அவர்களுடைய தலைக்கல்லின் அளவைத் தேடிப் பார்த்தேன். 32 அங்குல உயரம், 15 அங்குல அகலம். தளபதிக்கும் அதே கல், சமையல்காரருக்கும் அதே கல். குடும்பத்தார் விரும்பினால் அடியில் 66 எழுத்துக்குள் ஒரு வாசகம் சேர்க்கலாம். முதல் போர் முடிந்த புதிதில் அதற்கு எழுத்துக்கு மூன்றரை பென்ஸ் கேட்டிருக்கிறார்கள். நாங்களும் எழுத்துக் கணக்கில்தான் கூலி வாங்குகிறோம். ஆனாலும் பிள்ளையைப் போரில் பறிகொடுத்த தாயிடம் அந்தக் காசைக் கேட்க எனக்கு வாய் வராது. பிறகு அதைக் கட்டாயமில்லை என்று மாற்றிவிட்டார்கள்.

அந்த விதி நம்மவர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் முறையாக நடக்கவில்லை என்று ஆணையமே அமைத்த குழு 2021-ல் அறிக்கை கொடுத்தது. முதல் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. அதற்குமேல் குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேருக்குக்கூட, பெயரே பதிவாகவில்லை. அல்லது நினைவிடமே இல்லை. பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். இப்போது விடுபட்ட பெயர்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். 2025 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1,772 கறுப்பினத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு மரத்தூண் நட்டுப் பெயர் பொறித்திருக்கிறார்கள். முதல் போரில் மூட்டை சுமந்தும் பாதை போட்டும் செத்தவர்கள். துப்பாக்கி பிடித்தவர்கள் இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனிமேல் எதற்கு என்று அங்கே யாரும் விட்டுவிடவில்லை.

இதை ஏதோ அயல்நாட்டுச் செய்தியாக நான் படிக்கவில்லை. என் அப்பத்தாவின் தம்பி, கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக ஊர்க்காரர், இரண்டாம் போரின்போது பெங்களூர் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பாலம் கட்டவும் பாதை வெட்டவும் ஆள் தேவைப்பட்ட படை அது. கொத்தன், தச்சன், கொல்லன் என்று கைத்தொழில் தெரிந்தவர்களை விரும்பி எடுத்தார்கள். அந்தத் தாத்தா உளி கைவந்த ஆள். பர்மாவில் இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. உடம்பும் வரவில்லை, சாம்பலும் வரவில்லை. அந்தத் தந்தியும் பின்னால் ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி நைந்து போனது. என்ன தேதி என்று வீட்டில் ஒருவருக்கும் நிச்சயமில்லை. தேதி தெரியாததால் திதி தெரியாது. அப்பத்தா சாகும் வரைக்கும் ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினம் போய்ப் பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வரும். ‘அவன் செத்த நாளு எதுன்னு அந்த நவக்கிரகத்துக்குத்தான் தெரியும்’ என்று சொல்லிக்கொண்டே வரும்.

பர்மாக் கோயில்களைத் தரிசிக்கப் போன தேவகோட்டைச் செட்டியார் ஒருவர், யாங்கூனுக்கு வடக்கே தௌக்யான் என்ற ஊரில் பெரிய போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, தூண் தூணாக நம்மூர்ப் பெயர்கள் வெட்டியிருக்கின்றன என்று சொன்னார். அங்கேதான் ரங்கூன் நினைவிடம் இருக்கிறது. பர்மாவிலும் அசாமிலும் உயிர்விட்டு, அவரவர் வழக்கப்படியான இறுதிச் சடங்கு போரினால் கிடைக்காமல் போன 27,000 பேர் என்று அதில் எழுதியிருக்கிறது. நடுவில் உள்ள வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி என்று ஐந்து எழுத்தில் இருக்கிறது. தமிழில் இல்லை. இருந்திருக்கலாம்தான். ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பெயர்கள்தான். அப்புறம் என் மகன் ஆணையத்தின் இணையதளத்தில் தேடினான். காசு எதுவும் கேட்கவில்லை. பெயரையும் படையையும் போட்டதும் வந்துவிட்டது. ராணுவ எண், தகப்பனார் பெயர், ‘ராம்நாடு மாவட்டம்’ என்று ஊர் விவரம், இறந்த தேதி. 1945 மார்ச் முதல் வாரம். பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்து மாசித் தேய்பிறையில் இன்ன திதி என்று ஐயர் குறித்துக் கொடுத்தார். இப்போது அந்தத் திதியில் செய்கிறோம். அவர் பெயருக்கு ஓர் எழுத்து கூடக்குறைய இருக்கிறது, அது கிடக்கட்டும். பெயரை மட்டும் அவர்கள் வெட்டியிருக்காவிட்டால் அந்தத் தேதி எங்களுக்கு எப்படிக் கிடைத்திருக்கும்?

அவர் பெயர் கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து போன இன்னொருவர் பெயர் கிடைக்கவில்லை. அவரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்டவர்கள்தான் எல்லா ஊரிலும் விடுபட்டுப் போகிறவர்கள்.

காலனியைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர். பயனியர் படையில் சேர்ந்து அசாம் பக்கம் ரோடு போடப் போனார். நெஞ்சு நோய் வந்து, இனி இவர் வேலைக்கு ஆகமாட்டார் என்று ராணுவத்திலேயே எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை, 1946-ல் இறந்துவிட்டார். கல் வைக்கிற பேச்சு எடுத்தபோது, ‘அவர் வீட்ல படுத்துச் செத்தவருல்ல, அவரை எப்படிச் சேர்க்கிறது’ என்று சிலர் கேட்டார்கள். ஆணையத்தின் விதியைப் பாருங்கள். இரண்டாம் போருக்கு அவர்கள் வைத்திருக்கிற கால எல்லை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. படையில் இருக்கும்போது இறந்தால் குண்டு பட்டா, காலராவா, லாரி கவிழ்ந்தா என்று பார்ப்பதில்லை, அவர் போரில் இறந்தவர்தான். படையிலிருந்து விடுவித்த பிறகு வீட்டில் இறந்திருந்தால், படையில் இருந்தபோது வந்த காயத்தாலோ நோயாலோதான் இறந்தார் என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அவருக்கும் அதே மரியாதை, அதே மாதிரிக் கல் அல்லது நினைவிடத்தில் பெயர்.

அப்படியானால் மூன்று விஷயத்துக்கு ஆதாரம் வேண்டும்: படையில் இருந்தார் என்பதற்கு, எப்போது இறந்தார் என்பதற்கு, எதனால் இறந்தார் என்பதற்கு. முதலாவது அவருடைய பேத்தி வீட்டிலேயே இருந்தது. டிரங்குப் பெட்டியில் ஜெபமாலையோடு சேர்த்துத் துணியில் சுற்றி, படையிலிருந்து விடுவித்த சான்றிதழ். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தாலும் எண்ணும் பெயரும் ‘மருத்துவக் காரணம்: காசம்’ என்பதும் தெளிவாகத் தெரிந்தன. தெரியாமலே எழுபது வருஷத்துக்கு மேல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இறந்த தேதிக்கு அரசு அலுவலகம் ஒன்றில் போய்க் கேட்டோம். அந்தக் காலத்துக் கிராம முன்சீப் எழுதிய அந்த வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடு செல்லரித்துப் போய்விட்டது என்றார்கள். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தபோது பங்குக் கோயிலில் அடக்கப் பதிவேடு இருக்குமே என்று பேத்திதான் சொன்னது. இருந்தது. நீளமான தடித்த நோட்டு. பேனா மை பழுத்து மங்கியிருக்கிறது. தேதி, பெயர், தகப்பன் பெயர், வயது, நோய்: ‘காசம்’. ராணுவத்தில் எழுதிக் கொடுத்த நோயும் பங்குக் குருவானவர் எழுதிவைத்த நோயும் ஒன்றுதான். இரண்டையும் படம் எடுத்து ஆணையத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அங்கே விசாரித்து முடிவு சொல்லக் காலம் பிடிக்கும். அவர்கள் சேர்த்துக்கொண்டால் உலகம் பூராவும் பார்க்கிற பட்டியலில் எங்கள் காலனிக்காரர் பெயர் வந்துவிடும். அதற்குக் காத்திராமல் எங்கள் ஊர்க் கல்லில் அவர் பெயரை நான் வெட்டிவிட்டேன்.

வெட்டும்போது இன்னொரு பேச்சு வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லா ஊரிலும் இது வரும். சண்டை போட்டவர்களை மேலேயும் மண் சுமந்தவர்களைக் கீழேயும் போடலாம் என்றார்கள். நோக்கம் என்ன என்று எனக்கும் தெரியும், சொன்னவர்களுக்கும் தெரியும். பேரை எந்த வரிசையில் போடுகிறோம் என்பதில் தெருவும் சாதியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அகரவரிசையில்தான் போடுவேன், எழுத்து எல்லோருக்கும் ஒன்றரை அங்குலம்தான், ஒப்புக்கொண்டால் கல், இல்லாவிட்டால் வேறு பட்டறை பாருங்கள் என்றேன். பஞ்சாயத்தில் பெரியவர் ஒருவர், ‘அங்க ஒரே குழியிலதான்டா கெடந்தாய்ங்க’ என்றார். அதோடு பேச்சு அடங்கியது. அகரவரிசையில் காலனிக்காரர் பெயர் இரண்டாவதாக வந்தது. என் அப்பத்தாவின் தம்பி பெயர் கடைசி.

அடுத்து, கல்லில் விடுகிற வெற்றிடம். பெயர்களுக்குக் கீழே ஒரு முழத்துக்கு ஒன்றும் எழுதாமல் விட வேண்டும் என்று நான் சொன்னால் ஊரில் பயப்படுகிறார்கள். ‘எடத்தை விட்டா இன்னும் யாரையாவது கேக்குமே, அபசகுனம்’ என்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, சமாதிக் கல் வேலையிலும் இதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் இது இனிமேல் சாகிறவர்களுக்கு விடுகிற இடம் இல்லை. முன்னாலேயே செத்து, நமக்கு இன்னும் தெரியாமல் இருக்கிறவர்களுக்கு உரிய இடம். உலகத்தில் உள்ள பெரிய போர் நினைவிடங்களிலேயே பிற்சேர்க்கைப் பலகை உண்டு. முதலில் வெட்டியபோது விடுபட்டு, பிறகு ஆதாரம் கிடைத்தவர்கள் அதில் ஏறுகிறார்கள். காணாமல் போனவர் என்று பெயர் வெட்டியிருந்த ஒருவரின் எலும்பு கிடைத்து இன்னார் என்று தெரிந்துவிட்டால், அவருக்கென்று தனிக் கல்லறை வைத்துவிட்டு, அந்தப் பலகையைப் புதுப்பிக்கும்போது அவர் பெயரை எடுத்துவிடுகிறார்கள். டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், ஆளுக்கு ஒரு கிரானைட் கல்லாகச் சுவரில் பதித்திருக்கிறார்கள். தொழில்காரன் கண்ணுக்கு அது அருமையான முறை. பெரிய பலகையில் இடைச்செருகலாக ஒரு பெயரைச் சேர்ப்பது கஷ்டம், ஒரு கல்லைப் புதிதாகப் பதிப்பது சுலபம். என்ன, அதில் இருப்பவர்கள் சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர்கள். அதற்கு முன்னால் போனவர்களை அங்கே தேட முடியாது.

இத்தனை வருஷம் கழித்தா கிடைக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். 2016-ல் பிரான்சில் ரிஷ்பூர் என்ற ஊருக்குப் பக்கத்தில் மண் தோண்டும்போது இரண்டு பேர் எலும்பு கிடைத்தது. தோள்பட்டைச் சின்னத்தை வைத்து 39-வது கார்வால் ரைபிள்ஸ் படையினர், முதல் போரில் இறந்த நம் நாட்டவர் என்று கண்டுபிடித்தார்கள். 2017 நவம்பரில் லவாந்தி என்ற இடத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். படை தெரிந்தது, பெயர் தெரியவில்லை. அதே பிரான்சில் ஃப்ரோமெல் என்ற ஊரில் 2009-ல் 250 உடல்களைத் தோண்டி எடுத்து, சொந்தக்காரர்களின் டி.என்.ஏ.வோடு ஒத்துப்பார்த்து ஒவ்வொருவராகப் பெயர் கண்டுபிடித்துக் கல் மாற்றி வருகிறார்கள். நம் நாட்டிலேயே, 1984-ல் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலாவின் உடல் 38 வருஷம் கழித்து 2022 ஆகஸ்டில் கிடைத்தது. அவர்தான் என்று காட்டிக் கொடுத்தது உடலோடு இருந்த தகட்டில் பொறித்த ராணுவ எண். மனைவி உயிரோடு இருந்து பார்த்தார். 1968-ல் ரோதாங் கணவாய்ப் பக்கம் விழுந்த விமானப்படை விமானத்தில் போனவர்களில் நான்கு பேரின் உடல்கள் 2024-ல் கிடைத்தன. 56 வருஷம்.

நம் சிவகங்கைச் சீமையில் பனியும் கிடையாது, பதுங்குகுழியும் கிடையாது. இங்கே கிடைக்க வேண்டியது காகிதம். அது எங்கே இருக்கிறது என்றால் நம் வீட்டுப் பரணில், பெட்டகத்தில், டிரங்குப் பெட்டியில். செட்டிநாட்டு வீடுகள் ஒன்றொன்றாகக் கைமாறுவதையும் இடிபடுவதையும் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தேக்குத் தூணையும் கதவையும் நிலையையும் கழற்றிக்கொண்டு போவார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அவை நிற்கும். கூடவே போட்டோ, கடிதக்கட்டு, பேரேடு, பதக்கம். விலை போகிறது கடையில் நிற்கும், போகாதது எடைக்குப் போகும். வீட்டை ஒழிக்கும் முன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் காகிதங்களை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இதில் நகரத்தார் வீடுகளுக்கு ஒரு தனி வேண்டுகோள். பர்மாவில் உங்கள் கடைகளில் பெட்டியடிப் பையனாக, அடுத்தாளாக, சமையலாளாக எங்கள் ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் போனார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கில் நம்மவர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் பேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்கள் சிப்பாய் இல்லை, ஆகவே எந்தப் போர் நினைவிடத்திலும் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கடிதங்களில் ‘இன்னார் நம்மோடு கிளம்பினார், வழியில் காலமானார்’ என்று ஒரு வரி இருக்கலாம். கணக்கைக் காலணா பிசகாமல் எழுதிவைத்த வீடுகள் உங்களுடையவை. அந்த ஒரு வரியைப் படம் எடுத்து அந்த ஆள் ஊருக்கு அனுப்பினால் போதும், அந்த ஊர்க் கல்லில் அவர் பெயர் ஏறும்.

மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனவர்கள் கதையும் இதுதான். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடித்தார்கள். அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயரோடு வரிசை வரிசையாகக் கல்லறை. அவர்களைப் போலப் பல மடங்கு இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு, அதில் பெரும் பகுதி நம் தமிழர்கள், முழுமையான பெயர்ப் பட்டியலே கிடையாது. 1990-ல் அதே ஊரில் ஒரு கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களின் எலும்பு ஒரே குழியில் கிடைத்தது. 2023-ல் அங்கே தமிழர்களுக்காக நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். செய்தி படித்த அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. அவ்வளவு நல்ல காரியம். பெயர்களை இனி நாம்தான் ஊர் ஊராகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து மலேயா போய்க் கடிதம் நின்றுபோன தாத்தாக்கள் இல்லாத கிராமம் எது?

கல் வைக்க நினைக்கிற ஊர்களுக்குத் தொழில்காரனாகச் சில வார்த்தை. மெஷினில் மேலாகக் கீறித் தங்கப் பெயின்ட் அடித்த எழுத்து பார்க்கப் பளிச்சென்று இருக்கும். நாலு கோடை வெயில் பட்டால் பெயின்ட் உரிந்து ஒன்றும் தெரியாது. உளியால் இரண்டு பக்கமும் சரிவாக, நடுவில் கூராக இறங்கும்படி வெட்டச் சொல்லுங்கள். பெயின்ட் போனாலும் காலை வெயில் சாய்வாக விழும்போது நிழலிலேயே படிக்கலாம். பெயர், தகப்பனார் பெயர், படைப்பிரிவு, எண் தெரிந்தால் எண், இறந்த வருஷம். இவ்வளவும் வேண்டும். முத்தையாவும் ராமசாமியும் ஊருக்குப் பத்துப் பேர், தகப்பன் பெயரில்லாமல் யாரென்று தெரியாது. பணம் கொடுத்தவர் பெயர் கல்லின் பின்பக்கம் இருக்கட்டும். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தியாவின் தெற்கிலும் கிழக்கிலும் அங்கங்கே சிதறிக் கிடந்த 850-க்கும் மேற்பட்ட இரண்டாம் போர்க் கல்லறைகளை 1952-ல் அங்கே ஒன்றுசேர்த்தார்கள். பின்புறம் முதல் போருக்கான நினைவுச் சுவர் இருக்கிறது. பராமரிக்க முடியாமல் போன கல்லறைகளில் கிடக்கிற ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அதில் பெயர் வெட்டியிருக்கிறது. கல்லறை கைவிட்டுப் போனாலும் பெயர் போகக் கூடாது என்று செய்த வேலை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு நாள் கால் பத்தி ஒதுக்கி, எந்த ஊரில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது, யாருடைய காகிதம் எங்கே கிடைத்திருக்கிறது என்று வெளியிட முடியுமா? செய்திகளைச் சேகரித்து அனுப்ப எங்கள் ஊர் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள்.

முதல் செய்தியாக இதைப் போடுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருக் கடை ஒன்றில் இரண்டாம் போர்ப் பதக்கம் ஒன்றைப் பார்த்தேன். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருப்பார்கள். லென்ஸ் வைத்துப் படித்தேன், தமிழ்ப் பெயர். ஆணையத்தின் பட்டியலில் தேடினால் அதே எண், அதே பெயர், ரங்கூன் நினைவிடத்தில் இருக்கிறார். தகப்பனார் பெயரும் ஊரும் மட்டும் அங்கே பதிவாகவில்லை. எந்த வீட்டுச் சாமானோடு வந்தது என்று கடைக்காரருக்கு நினைவில்லை. கீழச்சீவல்பட்டிப் பக்கமாக இருக்கலாம் என்கிறார். பெயரை இங்கே எழுதினால் பதக்கத்துக்காகப் பல பேர் வந்துவிடுவார்கள் என்பதால் எழுதவில்லை. விற்காமல் எடுத்து வைத்திருக்கிறார். 1945-ல் பர்மாவில் இறந்த தாத்தாவோ பெரிய தாத்தாவோ இருந்து, வீட்டில் பதக்கம் இருந்ததாகக் கேள்விப்பட்டவர்கள், அவர் பெயரையும் படையையும் தகப்பனார் பெயரையும் எழுதி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பட்டும். ஓரத்தில் இருப்பதோடு ஒத்துப்பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
கல்லெழுத்துத் தொழிலாளி ஒருவர்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.